ஆறு வயதுக்கு எதற்கு ஆபீஸ் மேசை?

பழைய மடிக்கணினி ஒன்றில் குழந்தைகளுக்கான சுகர் என்ற பணிச்சூழலை நிறுவி வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா என்று கணினி தெரிந்தவர் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் ஓஎல்பிசி காலத்துச் சரக்கு. அந்தத் திட்டமே ஊற்றிக்கொண்டது. பார்க்கப் பொம்மை மாதிரி இருக்கும். பிள்ளைக்கு ஒரு வாரத்தில் சலித்துவிடும். நாளைக்கு வேலைக்குப் போகிற இடத்தில் இருக்கப்போவது விண்டோஸ். அதையே இப்போதிருந்து பழகட்டுமே." லினக்ஸ் அன்பர்களும் இதையேதான் சொல்கிறார்கள். விண்டோஸ் என்ற இடத்தில் உபுண்டு என்று போட்டுக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

இந்தக் கருத்துக்கு ஆதாரமே இல்லை என்றால் அது நேர்மையாகாது. பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என்ற ஓஎல்பிசி திட்டத்தின் நிறுவனர் நிக்கோலஸ் நெக்ரோபோன்டே 2005இல் டாவோஸில் 100 டாலர் மடிக்கணினியை அறிவித்தார். 2007 இறுதியில் எக்ஸ்ஓ என்ற பச்சை வெள்ளைப் பெட்டியாக அது உற்பத்திக்கு வந்தபோது விலை 188 டாலர் அளவுக்கு ஏறியிருந்தது. அந்தப் பெட்டிக்காக, லினக்ஸின் மேல், பெரும்பாலும் பைத்தான் மொழியில் எழுதப்பட்ட பணிச்சூழல்தான் சுகர். இந்தியக் கல்வித் துறை 2006லேயே ஓஎல்பிசி திட்டத்தை நிராகரித்தது. கற்பித்தல் நோக்கில் இது சந்தேகத்துக்குரியது என்பது அது சொன்ன காரணங்களில் ஒன்று. பெரு நாடு எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட எக்ஸ்ஓக்களை வாங்கியது. பலனை அளந்தபோது தேர்வு மதிப்பெண் ஏறியிருக்கவில்லை. 2008 மே மாதம் ஓஎல்பிசியே தன் கணினியில் விண்டோஸ் எக்ஸ்பிக்கு இடம் கொடுத்தது. சுகரை உருவாக்கியவர்களில் முதன்மையானவரான வால்டர் பெண்டர் அதற்குச் சற்று முன்பே வெளியேறி, சுகர் லேப்ஸ் என்ற தன்னார்வ அமைப்பைத் தொடங்கினார். தோற்ற திட்டம், கைவிட்ட தாய் நிறுவனம், சுருங்கிப்போன குழு. இதையெல்லாம் பார்த்துவிட்டு "வேண்டாம்" என்பவரை முட்டாள் என்று சொல்ல முடியாது.

ஆனால் அவருடைய முடிவு தவறு. காரணங்களை எண்ணிட்டே சொல்கிறேன்.

1. "உண்மையான கணினி" என்பது யாருடைய கணினி?

மேசை, கோப்பு, கோப்புறை, குப்பைத் தொட்டி. திரையில் நாம் இயல்பாக எடுத்துக்கொள்ளும் இந்தப் படங்களெல்லாம் எங்கிருந்து வந்தன? 1981இல் ஜெராக்ஸ் நிறுவனம் ஸ்டார் என்ற கணினியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வாங்குபவர் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர் என்று தீர்மானித்து, அவர் மேசையில் கிடந்தவற்றைத் திரைக்கு மாற்றினார்கள். ஆப்பிளும் மைக்ரோசாஃப்டும் அந்த வழியில் நடந்தன. இன்று ஆறு வயதுக் குழந்தையின் முன்னால் நாம் வைப்பது 1981ஆம் ஆண்டு அமெரிக்க ஆபீஸ் ஊழியரின் மேசையை. அதற்குத்தான் "உண்மையான கணினி" என்று பெயர்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஒன்றின்மேல் ஒன்று கிடக்கும் சாளரங்கள் என்ற ஏற்பாட்டுக்கு அதே ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் வடிவம் கொடுத்தது ஆலன் கேயின் குழு. அவர் 1972இல் எழுதிய கட்டுரை எல்லா வயதுக் குழந்தைகளுக்குமான சொந்தக் கணினியைப் பற்றியது. ஸ்மால்டாக் என்ற மொழியை உருவாக்கி, அடீல் கோல்ட்பெர்க் போன்றவர்கள் அதைப் பள்ளிப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்தார்கள். குழந்தைகளை நினைத்துத் தொடங்கிய வேலையை ஆபீஸ்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். இப்போது குழந்தைகளுக்கென்று ஒன்று செய்தால் அது பொம்மை என்கிறார்கள்.

குழந்தைக்கு ஆபீஸ் இல்லை, கோப்புகளும் இல்லை. படம் வரைய வேண்டும், கதை எழுத வேண்டும், சத்தம் எழுப்பிப் பார்க்க வேண்டும், பக்கத்தில் இருப்பவளிடம் காட்ட வேண்டும். சுகர் அங்கிருந்து தொடங்குகிறது. முதல்முறை திறக்கும்போது பெயரைக் கேட்கும், நிறத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். உடனே அந்த நிறத்தில் ஒரு சிறு மனித உருவம் திரை நடுவில் நிற்கும். அதைச் சுற்றி வட்டமாகச் செயல்பாடுகள். ஒன்றைத் தொட்டால் திரை முழுவதும் அதுவே. எஃப்1 அழுத்தினால் அக்கம்பக்கம், எஃப்2 நண்பர்கள், எஃப்3 தன் வீடு, எஃப்4 செய்துகொண்டிருக்கும் வேலை. எங்கே சேமிப்பது என்ற கேள்வியே கிடையாது. செய்ததெல்லாம் நாட்குறிப்பு என்ற பட்டியலில் தேதி வரிசையில் தானாக ஏறும். ஒவ்வொன்றின் அடியிலும் அதைப் பற்றி இரண்டு வரி எழுத இடம் இருக்கும். பெரியவர்களின் மேசையில் கோப்புக்குப் பெயர் வைக்கத் தெரியாதவன் தொலைந்தான். இங்கே அவன் நேற்று வரைந்த யானை நேற்றைய இடத்தில் இருக்கும்.

2. வேலைவாய்ப்பு வாதம் கணக்கிலேயே இடிக்கிறது.

இன்று ஆறு வயதான பெண் வேலைக்குப் போக இன்னும் பதினைந்து, பதினாறு ஆண்டுகள் ஆகும். 1990களின் தொடக்கத்தில் நம் ஊர்க் கணினிப் பயிற்சி மையங்கள் என்ன கற்றுக்கொடுத்தன? டாஸ், வேர்ட்ஸ்டார், லோட்டஸ் 1-2-3, டிபேஸ். சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியவர்கள் உண்டு. பதினைந்து ஆண்டு கழித்து அவை பெரும்பாலான அலுவலகங்களில் காணாமல்போயிருந்தன. 2007இல் மைக்ரோசாஃப்ட் தன் ஆபீஸின் முக்கிய நிரல்களில் பட்டியல்களை எடுத்துவிட்டு ரிப்பனைப் போட்டது. 2012இல் விண்டோஸ் 8 ஸ்டார்ட் மெனுவையே தூக்கியது. எங்கே சொடுக்குவது என்று மனப்பாடம் செய்தவர்கள் திண்டாடினார்கள். என்ன செய்ய வேண்டும் என்று புரிந்தவர்கள் தேடிக் கண்டுபிடித்துக்கொண்டார்கள்.

எதிர்காலத்தோடு ஒப்பிட்டே பார்ப்போமே. வேலையைத் தானே சேமித்துக்கொள்வது, ஒரு நேரத்தில் ஒரு நிரல் திரை முழுவதும் நிற்பது, கோப்புறைக்குப் பதிலாகக் கால வரிசை, ஒரே பக்கத்தில் பலர் சேர்ந்து எழுதுவது. இவையெல்லாம் 2007லேயே சுகரில் இருந்தன. ஆப்பிள் மேக்கில் தானியங்கிச் சேமிப்பையும் முழுத்திரை நிரல்களையும் 2011இல்தான் கொண்டுவந்தது. இன்று உங்கள் கைப்பேசி இயங்குவதும் அப்படித்தான். இவை சுகரைப் பார்த்துக் காப்பியடித்தவை என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் அலுவலக மேசையைப் பழகிய பிள்ளையைவிட, சுகரைப் பழகிய பிள்ளைதான் பின்னால் வந்த கணினிகளுக்குப் பொருத்தமாக வளர்ந்திருக்கும். வேலைவாய்ப்பு வாதத்தை எடுப்பவர்கள் அந்த வாதத்தின்படியே தோற்கிறார்கள்.

3. பொம்மை என்பவர்கள் உள்ளே போய்ப் பார்த்ததில்லை.

ஆமைக் கட்டைகள் என்ற செயல்பாட்டைத் திறந்தால், கட்டைகளை அடுக்கி ஆமையை ஓட்டிப் படம் போடலாம். 1967இல் சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன், வாலி ஃபியூர்சைக் ஆகியோர் தொடங்கிய லோகோ மொழியின் நேர் வாரிசு அது. சதுரம் போடத் தெரிந்தவள் மூலையின் கோணத்தை மாற்றி நட்சத்திரத்துக்குப் போவாள். எத்தனை பாகை திரும்பினால் தொடங்கிய இடத்துக்கே வரும் என்ற கேள்வி வடிவியல் வகுப்புக்கு நான்கு ஆண்டு முன்பே அவளிடம் வந்துவிடும். பிப்பி என்பதில் பைத்தானை நேரடியாக எழுதி ஓட்டலாம். அளவி என்பது ஒலிவாங்கியில் விழும் சத்தத்தை அலையாக வரைந்து காட்டும். விசிலடித்தால் அலை எப்படி நெருங்குகிறது, ஆ என்று கத்தினால் எப்படி விரிகிறது என்று கண்ணால் பார்க்கலாம். பேசும் முகம் ஒன்று இருக்கிறது. அது பயன்படுத்தும் ஈஸ்பீக் தமிழையும் வாசிக்கும், கொஞ்சம் இயந்திரக் குரலில்.

இவற்றைவிட முக்கியமானது மூலத்தைக் காட்டும் வசதி. ஓடிக்கொண்டிருக்கும் செயல்பாட்டின் நிரலை அங்கேயே திறந்து படிக்கலாம், நகலெடுத்து மாற்றியும் பார்க்கலாம். கெட்டுப்போனால் நகல்தான் கெடும். உருகுவேயில் பிளான் செய்பால் என்ற அரசுத் திட்டம் 2007இல் தொடங்கி 2009க்குள் அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் அனைவருக்கும் எக்ஸ்ஓ சேர்ந்தது. அவர்களில் சிலர் பதின்ம வயதிலேயே சுகருக்கு நிரல் எழுதும் பங்களிப்பாளர்களானார்கள், கூகுள் கோட்-இன் போட்டிகளில் கலந்துகொண்டார்கள். சிலர்தான், ஆயிரக்கணக்கில் இல்லை. தங்களுக்குப் பள்ளியில் கொடுக்கப்பட்ட பணிச்சூழலையே திருத்தி எழுதிய பிள்ளைகளை விண்டோஸோ குரோம்புக்கோ உருவாக்கியதுண்டா? உருவாக்கவே முடியாது. உள்ளே போகும் வழியை அவை பிள்ளைகளுக்குத் திறந்துவைக்கவில்லை.

4. பெருவில் தோற்றது எது?

எதிர்த்தரப்பின் கையில் இருக்கும் மிகப் பலமான சீட்டு இதுதான். நேரடியாகவே பார்ப்போம். இண்டர்-அமெரிக்கன் டெவலப்மெண்ட் வங்கியின் ஆய்வாளர்கள் கிராமப்புறப் பெருவில் 319 பள்ளிகளை எடுத்துக்கொண்டு, கணினி பெற்ற பள்ளிகளையும் பெறாதவற்றையும் ஒப்பிட்டார்கள். 2012இல் வெளியான முடிவு: கணிதத்திலும் மொழிப்பாடத்திலும் முன்னேற்றம் இல்லை; பொதுவான சிந்தனைத் திறனை அளக்கும் சோதனைகளில் ஓரளவு முன்னேற்றம். உருகுவேயிலும் கணிதம், வாசிப்பு மதிப்பெண்களில் தாக்கம் தென்படவில்லை.

பெரு ஆய்வு கணினி இருக்கும் பள்ளியையும் இல்லாத பள்ளியையும் ஒப்பிட்டது. சுகரையும் விண்டோஸையும் ஒப்பிடவில்லை. ஆகவே அதிலிருந்து "சுகர் தோற்றது, விண்டோஸ் கொடுங்கள்" என்ற முடிவுக்குப் பாலமே கிடையாது. விண்டோஸ் உலகத்துக் கணினியைக் கொடுத்துப் பார்த்த கதையும் இருக்கிறது. ருமேனியா ஏழைக் குடும்பங்களுக்குக் கணினி வாங்க 200 யூரோ உதவிச்சீட்டு கொடுத்தது. சந்தையில் கிடைத்த சாதாரணக் கணினிகளை வாங்கினார்கள். மலாமுட், பாப்-எலெக்கஸ் இருவரும் செய்து 2011இல் வெளியான ஆய்வின்படி, அந்தப் பிள்ளைகளின் கணினித் திறன் கூடியது, சிந்தனைத் திறன் சோதனைகளிலும் கூடுதல் மதிப்பெண் வந்தது, பள்ளி மதிப்பெண்ணோ குறைந்தது. பெருவில் மதிப்பெண் நகரவில்லை என்றால் சுகர் குற்றவாளி. ருமேனியாவில் மதிப்பெண் இறங்கினால் விண்டோஸ்மேல் யாரும் வழக்குப் போடவில்லை. ஒரே அளவுகோலை இரண்டு பக்கமும் வைக்கத் தயாரில்லாதவர்கள் ஆய்வை மேற்கோள் காட்டக் கூடாது.

இன்னும் கூர்மையான எதிர்ச்சாட்சி மார்கன் ஏம்ஸ். 2019இல் வந்த 'தி கரிஸ்மா மெஷின்' என்ற நூலில், பராகுவேயில் எக்ஸ்ஓ பெற்ற பிள்ளைகளை அருகிலிருந்து பார்த்து அவர் எழுதியிருக்கிறார். பெரும்பாலான பிள்ளைகள் நிரல் எழுதவில்லை. பாட்டுக் கேட்டார்கள், வீடியோ பார்த்தார்கள், விளையாட்டுகளைத் தேடி இறக்கினார்கள். பல கணினிகள் உடைந்து மூலையில் கிடந்தன. சுகரின் அழகான வடிவமைப்பு இதைத் தடுக்கவில்லை. உண்மைதான், இதை மறுக்க வழியில்லை. ஆனால் அதே நூலில் இன்னொன்றும் இருக்கிறது: கணினியை வைத்து எதையாவது உருவாக்கிய சில பிள்ளைகளின் பின்னால், ஊக்கம் கொடுத்த ஒரு பெற்றோரோ ஆசிரியரோ இருந்தார்கள்.

நெக்ரோபோன்டே நம்பியது நேர்மாறானதை. கணினியைக் கொடுத்தால் போதும், பிள்ளை தானே கற்கும் என்றார். பின்னாளில் ஹெலிகாப்டரிலிருந்து கருவிகளைப் போட்டுவிட்டு வரலாம் என்றுகூடப் பேசினார். அந்த நம்பிக்கைதான் தோற்றது. ஆசிரியரை நியமிக்காமல் கரும்பலகை மட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டு, மதிப்பெண் ஏறவில்லை என்று கரும்பலகையைக் கழற்றி எறிகிறவரை என்ன சொல்வது? வீட்டில் இருக்கும் மடிக்கணினியில் சுகரைப் போட்டுப் பார்க்க நினைக்கும் அப்பாவோ அத்தையோ ஆசிரியரோ, பராகுவேயில் பலருக்கு இல்லாமல்போன அந்த ஆளாக இருக்கிறார். ஏம்ஸின் நூலை ஒழுங்காகப் படித்தால், சாதாரண மடிக்கணினியில் சுகர் என்ற முயற்சிக்கு அது எதிர்வாதமே ஆகாது. யார் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று சொல்லும் குறிப்பு அது.

5. "எக்ஸ்ஓவில் ஓடும், உங்கள் லேப்டாப்பில் ஓடாது."

பாதி உண்மை. எக்ஸ்ஓக்கள் தங்களுக்குள் தாமாகவே வலைப்பின்னல் அமைத்துக்கொண்டன. சாதாரணக் கணினியில் அது இல்லை. ஒரே வைஃபையில் இருந்தால் அக்கம்பக்கத் திரையில் நண்பர்கள் தெரிய வேண்டும், ஆனால் சில திசைவிகள் கருவிகள் ஒன்றையொன்று பார்க்க விடுவதில்லை. அப்போது அக்கம்பக்கம் வெறிச்சோடிக் கிடக்கும். எக்ஸ்ஓவின் ஒலிவாங்கித் துளையில் வெப்ப உணரியைச் செருகி அளக்க முடிந்தது; நம் மடிக்கணினியில் சத்தம் மட்டும்தான். 2020 தொடக்கத்தில் பைத்தான் 2க்கு ஆதரவு முடிந்தபோது, பழைய செயல்பாடுகள் பல பைத்தான் 3க்கு மாற்றப்படாமல் நின்றுபோயின. நாட்குறிப்பில் நூற்றுக்கணக்கில் பதிவுகள் சேர்ந்துவிட்டால் தேடுவது எரிச்சல். திரையின் அடர்த்தியைப் பொறுத்துச் சின்னங்கள் பூதாகரமாகத் தெரிவதும் உண்டு.

மறுபாதியையும் சொல்ல வேண்டும். 433 மெகாஹெர்ட்ஸ் செயலியும் 256 எம்பி நினைவகமும் கொண்ட பெட்டிக்காகப் பிறந்த சூழல் இது. இன்று குப்பை என்று ஒதுக்கப்படும் மடிக்கணினிகூட அதைவிடப் பல மடங்கு திறன் கொண்டது. தமிழ்நாட்டில் 2011 முதல் கொடுக்கப்பட்ட விலையில்லா மடிக்கணினிகள் எத்தனை வீட்டு அலமாரிகளில் தூங்குகின்றன! அவற்றில் பழையவற்றில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. அதற்கு டிபிஎம் 2.0 சில்லு வேண்டும், புதிய செயலி வேண்டும். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. விண்டோஸ் தரப்பு இந்தப் பெட்டிகளுக்கு என்ன வழி சொல்கிறது? புதிது வாங்கு என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை.

சோதிப்பதற்குச் செலவு ஒரு பென் டிரைவ். ஃபெடோரா திட்டம் சுகர் ஆன் எ ஸ்டிக் என்ற பதிப்பை வெளியிடுகிறது. 2009இல் தொடங்கிய மரபு அது, முதல் பதிப்புக்கு ஸ்ட்ராபெரி என்று பெயர். பென் டிரைவில் எழுதி, கணினியை அதிலிருந்து தொடங்கினால் வன்வட்டில் இருப்பதைத் தொடாமலே ஓடும். டெபியன், உபுண்டு பதிப்புகள் பலவற்றில் சுக்ரோஸ் என்ற பொதியாகவும் கிடைத்துவந்திருக்கிறது. (அடித்தளத்துக்குக் குளூக்கோஸ், அடிப்படைச் செயல்பாடுகளுக்கு ஃபிரக்டோஸ், இரண்டும் சேர்ந்தால் சுக்ரோஸ். வேதியியலை மதித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள்.) எதையும் நிறுவ மனமில்லாதவர்களுக்கு உலாவியிலேயே ஓடும் சுகரைசர் உண்டு.

6. சிறை என்ற குற்றச்சாட்டு.

சுகருக்குள் போட்டால் பிள்ளை வெளி உலகம் தெரியாமல் வளரும் என்கிறார்கள். உள்நுழையும் திரையில் எந்தச் சூழல் வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் ஒரு பொத்தான் இருக்கிறது. அப்பா தன் வழக்கமான சூழலுக்குப் போகலாம், மகள் சுகருக்குப் போகலாம், இரண்டும் ஒரே கணினியில். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் அவளே அந்தப் பொத்தானை மாற்றிக்கொள்வாள், மாற்றிக்கொள்ளவும் வேண்டும். முனையமும் சுகருக்குள்ளேயே இருக்கிறது, பூட்டுப் போடாமல்.

சரி, சுகரை ஒதுக்கியவர்களின் வீட்டில் அந்த இடம் காலியாகவா இருக்கிறது? விண்டோஸ் பழகட்டும் என்று கொடுத்த கணினியில் குழந்தை எக்செல் பழகவில்லை. உலாவியைத் திறந்து வீடியோ பார்க்கிறது. ஒன்று முடிந்ததும் அடுத்தது தானே ஓடுகிறது. வேலைவாய்ப்பு என்ற பெயரில் கொடுக்கப்பட்டது விளம்பரம் ஓடும் தொலைக்காட்சியாக முடிகிறது. இதை எதிர்த்தரப்பு "உண்மையான கணினி" என்ற கணக்கில் சேர்ப்பதில்லை.

மாற்றே இல்லை என்று நான் சொல்லவில்லை. கேரள அரசுப் பள்ளிகள் ஏறத்தாழ இருபது ஆண்டாகக் கட்டற்ற மென்பொருளில்தான் கணினி கற்பிக்கின்றன. பெரியவர்களின் பணிச்சூழலையே பொறுமையான ஆசிரியர்கள் நடத்துகிறார்கள், நடக்கிறது. ஜிகாம்ப்ரி பிள்ளைகளுக்கான நல்ல பயிற்சித் தொகுப்பு, ஆனால் சரி, தவறு என்று முடியும் பயிற்சிகள்தாம் அதில் அதிகம். கட்டைகளை அடுக்கி நிரல் எழுதும் ஸ்க்ராட்ச் அற்புதமானது, ஆனால் அது ஒரு நிரல். அதை மூடியதும் பிள்ளை திரும்பி வருவது அதே ஆபீஸ் மேசைக்கு.

ஆகவே சுகர் வேண்டாம் என்பவர்கள் அதனிடத்தில் எதை வைப்பார்கள் என்று சொல்லட்டும். பத்தாண்டுப் பழைய மடிக்கணினியில் அது ஓட வேண்டும். இணையம் இல்லாதபோதும் வேலை செய்ய வேண்டும். கணக்குத் தொடங்கச் சொல்லி மின்னஞ்சல் முகவரி கேட்கக் கூடாது, விளம்பரம் காட்டக் கூடாது. எழுதப் படிக்க முழுதாகத் தெரியாத குழந்தை நேற்றைய வேலையைத் தானே கண்டுபிடித்துத் தொடர முடிய வேண்டும். பத்து வயதில் அவள் கேட்டால், அந்த நிரலின் உட்புறத்தை அங்கேயே திறந்து காட்டவும் வேண்டும். அப்படி ஒன்று இருந்தால் பெயரைச் சொல்லுங்கள். சுகரை எடுத்துவிட்டு அதை நிறுவ எனக்குத் தயக்கம் இல்லை.